வடசென்னையில் கட்டுமானத் தொழில் பயிலுநர் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் எனப் பல பகுதிகளில் பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டுப் புதிய அடுக்ககங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. அந்த வேலைத்தளங்களில் அதே தெருவில் வளர்ந்த இளைஞர்கள் கூலிக்கு மண் சுமப்பதோடு நின்றுவிடாமல் முறையாகத் தொழில் கற்க முடியுமா என்று பெற்றோரும் இளைஞர்களும், சில வேளைகளில் ஒப்பந்ததாரர்களும் கேட்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறோம்.

பயிலுநராகச் சேர்வதற்கும் சித்தாளாக வேலைக்குப் போவதற்கும் என்ன வேறுபாடு? இரண்டிலும் கட்டடத்தில்தானே வேலை?

இடம் ஒன்றுதான், ஏற்பாடு வேறு. சித்தாளாகப் போகும் இளைஞர் கலவை சுமக்கிறார், செங்கல் ஏற்றுகிறார், சாரம் கட்டக் கட்டை எடுத்துக் கொடுக்கிறார். கொத்தனார் டீ குடிக்கப் போகும் நேரத்தில் கரண்டியை எடுத்து நாலு செங்கல் வைத்துப் பார்க்க விட்டால் அவர் கற்றுக்கொள்கிறார். விடாவிட்டால் பத்து ஆண்டு கழித்தும் சித்தாளாகவே இருக்கிறார். அப்படிக் கற்றுத் தேறிய திறமையான கொத்தனார்கள் வடசென்னையில் நிறைய பேர் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அது மேஸ்திரியின் மனதையும் ஒருவருடைய அதிர்ஷ்டத்தையும் நம்பியிருக்கும் வழி.

பயிலுநர் பயிற்சி என்பது 1961ஆம் ஆண்டுத் தொழில் பயிலுநர் சட்டத்தின் கீழ் எழுத்து மூலம் செய்துகொள்ளப்படும் ஓர் ஒப்பந்தம். எந்தத் தொழில், எவ்வளவு காலம், மாத உதவித்தொகை எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும், ஒப்பந்தம் அரசின் பயிலுநர் இணையதளத்தில் பதிவாகும், பாடத்திட்டம் உண்டு, முடிவில் தேர்வும் சான்றிதழும் உண்டு. சட்டத்தின்படி பயிலுநர் ஒரு தொழிலாளி அல்லர், கற்பவர். இதனால் சில இழப்புகளும் உண்டு. தொழிலாளர் சட்டங்கள் பலவும் அவருக்கு அப்படியே பொருந்துவதில்லை. அதே நேரத்தில் ஒரு முக்கியமான பாதுகாப்பும் கிடைக்கிறது: சதுரடிக்கு இவ்வளவு என்று வேலையின் அளவைக் கணக்கிட்டுப் பயிலுநருக்குப் பணம் தருவதைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. வேகமாக முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி இருந்தால் யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி அது. பயிலுநர்களை ஆள் பற்றாக்குறைக்குப் பயன்படுத்தும் தளங்களில் முதலில் மீறப்படுவதும் அதுதான்.

எங்கள் குடியிருப்பை இடித்துக் கட்டுவதற்கும் பயிற்சிக்கும் என்ன தொடர்பு? கட்டுகிறவர்கள் கட்டட்டும், எங்களுக்கு வீடு கிடைத்தால் போதாதா?

வீடு கிடைப்பது முதன்மையானது, அதில் மறுப்பு இல்லை. ஆனால் இப்பகுதியின் வேலை வரலாற்றைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். பக்கிங்ஹாம் ஆலை 1878இலும் கர்நாடிக் ஆலை 1882இலும் தொடங்கப்பட்ட பிறகு, பெரம்பூரும் புளியந்தோப்பும் சூளையும் ஆலைத் தொழிலாளர்களின் பகுதிகளாயின. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் இங்கிருந்துதான் எழுந்தது. தந்தை மகனை ஆலைக்குள் சேர்த்துவிட்டால் அவன் உள்ளே ஒரு தொழிலைக் கற்றுக்கொள்வான் என்ற உறுதி அக்காலத்துக் குடும்பங்களுக்கு இருந்தது. அவ்விரு ஆலைகளும் சேர்ந்த பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. சிறிய பட்டறைகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. வேலை கற்றுக்கொள்ளும் இடம் போனதுதான் வேலை போனதைவிடப் பெரிய இழப்பு என்று எங்களுக்குத் தோன்றுகிறது. கூலி வேலை எப்படியோ கிடைத்துவிடுகிறது, தொழில் கிடைப்பதில்லை.

இப்போது அரசுப் பணம் பெருமளவில் இப்பகுதிக்கு வருகிறது. வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச் மாதம் ரூ.4,181 கோடி மதிப்பில் தொடங்கி வைக்கப்பட்டது. 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்ற அமைப்பும் பழுதடைந்த அடுக்ககங்களை மறுகட்டுமானம் செய்துவருகிறது. ஒரு பெரிய அடுக்ககம் கட்டி முடிக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும், ஒரு கொத்தனாரோ பிளம்பரோ அடிப்படையைக் கற்கவும் ஏறக்குறைய அதே காலம் ஆகும். இந்தப் பொருத்தத்தை வீணாக்கக் கூடாது.

வேறு நாடுகளில் இது புதிய யோசனை அல்ல. நியூயார்க் நகரின் கிழக்கு ஹார்லெம் பகுதியில் 1978இல் பள்ளியை விட்டு நின்ற இளைஞர்கள் கைவிடப்பட்ட ஒரு கட்டடத்தைப் புதுப்பிக்கத் தொடங்கிய முயற்சியே பின்னர் யூத்பில்ட் என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது. அவர்கள் பாதி நாள் வகுப்பிலும் பாதி நாள் தளத்திலும் இருப்பார்கள், கட்டிய வீடு ஏழைக் குடும்பத்துக்குப் போகும். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தில், அரசு நிதியில் நடக்கும் வீட்டுவசதிப் பணிகளின் வேலையிலும் பயிற்சியிலும் அப்பகுதிக் குறைந்த வருமானத்தினருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று தனிப் பிரிவே இருக்கிறது. நம் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில், இத்தனை கோடிக்கு மேற்பட்ட வேலை என்றால் இத்தனை பயிலுநர்களை அந்த வட்டத்திலிருந்தே எடுக்க வேண்டும் என்ற ஒரு பத்தியைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. நிர்வாக முடிவு போதும். குடியிருப்போர் நலச் சங்கங்கள் வாரிய அதிகாரிகளிடம் முன்வைக்க வேண்டிய முதல் கோரிக்கை இதுவே என்பது எங்கள் கருத்து.

உதவித்தொகை எவ்வளவு? அதில் குடும்பம் நடக்குமா?

2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி குறைந்தபட்ச மாத உதவித்தொகை, 5 முதல் 9ஆம் வகுப்பு வரை படித்தவருக்கு ரூ.5,000, பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு ரூ.6,000, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கும் ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையச் சான்றிதழ் உள்ளவருக்கும் ரூ.7,000, டிப்ளமோ முடித்தவருக்கு ரூ.8,000, பட்டதாரிக்கு ரூ.9,000 என்று வரையறுக்கப்பட்டது. இதை 36 விழுக்காடு உயர்த்த மத்தியப் பயிலுநர் மன்றம் 2025இல் பரிந்துரைத்தது. ஒப்பந்தம் போடும் நாளில் நடப்பில் உள்ள தொகையை இணையதளத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இவை குறைந்தபட்சத் தொகைகள் மட்டுமே. நிறுவனம் இதைவிடக் கூடுதலாகத் தருவதற்குத் தடை எதுவும் இல்லை.

இரண்டாவது கேள்விதான் கடினமானது, அதற்கு மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும். சித்தாள் வேலைக்கு நாளொன்றுக்கு ரூ.700 என்று வைத்துக்கொண்டு மாதம் இருபது நாள் வேலை கிடைத்தால் ரூ.14,000 வருகிறது. பத்தாம் வகுப்பு முடித்த பயிலுநர் கையில் ரூ.6,000 வருகிறது. வாரக் கடைசியில் கூலி வாங்கிப் பழகிய வீட்டில் மாதக் கடைசி வரை காத்திருப்பதும் ஒரு சுமை. அதற்கு மேல் மேஸ்திரியிடம் வாங்கிய அட்வான்ஸ் இருக்கும், தண்டல்காரருக்குக் கட்ட வேண்டியது இருக்கும். இந்தச் சூழலில் இளைஞர்கள் பயிற்சியைப் பாதியில் விட்டுப் போவதைப் பொறுப்பின்மை என்று பேசுகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்காதவர்கள்.

எனவே சேர்வதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். வீட்டில் இன்னொருவருக்கு நிலையான வருமானம் இருந்தால் பயிற்சிக் காலத்தைத் தாங்க முடியும். பயிற்சி முடித்த கொத்தனாரோ பிளம்பரோ எலக்ட்ரீஷியனோ வாங்கும் நாள்கூலி ரூ.1,000ஐத் தாண்டுவதால், இழந்த தொகை சில ஆண்டுகளில் ஈடாகிவிடும். ஆனால் அந்த இளைஞரின் கூலியை மட்டுமே நம்பியிருக்கும் குடும்பத்திடம் "பயிற்சி முடியும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று அறிவுரை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு வேறு வழி பொருத்தமாக இருக்கும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்கு, கூலி இழப்பை ஈடுசெய்யும் வகையில் நாள்படியுடன் குறுகிய காலத் திறன் பயிற்சிகள் நடத்தப்படுகின்றன. அறிவிப்பு வரும்போது பயன்படுத்திக்கொள்ளலாம். ஏற்கெனவே வேலை தெரிந்திருந்து சான்று மட்டும் இல்லாதவர்களுக்கு, முன்பே கற்ற திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாடும் உண்டு.

என் மகன் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான். அவனைச் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள். தொழிலைப் பொறுத்துக் கல்வித் தகுதி மாறும். வயர்மேன், வெல்டர் போன்ற ஐ.டி.ஐ. பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும், எலக்ட்ரீஷியனுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். நேரடிப் பயிலுநர் பயிற்சியில் ஐந்தாம் வகுப்பு முடித்தவருக்கும் இடமிருக்கும் பிரிவுகள் உள்ளன. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். கட்டுமானம் ஆபத்தான வேலை என்பதால் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பதினாறு வயதுப் பையனை "சும்மா கூட வரட்டும்" என்று தளத்துக்கு அழைத்துப் போகும் மேஸ்திரிக்குப் பெற்றோரே மறுப்புச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளை அரசு ஐ.டி.ஐ.யில் கழிப்பது நல்லது. அங்கே கல்விக் கட்டணம் இல்லை, மாதம் ரூ.750 உதவித்தொகையும் மிதிவண்டியும் பேருந்து அட்டையும் கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்த மாணவராக இருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ரூ.1,000 தனியாக வரும். மாணவிகளுக்கு அதே தொகையைத் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கி வைக்கப்பட்டது நம் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில்தான் என்பது இங்குள்ள பலருக்கு நினைவிருக்கும்.

எந்தத் தொழிலைத் தேர்ந்தெடுப்பது?

உடல், பொறுமை, ஊர் மூன்றையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். சென்ட்ரிங்கும் (கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கும் வேலை) கம்பி கட்டுவதும் பெரிய தளங்களில் பெரும்பாலும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வரும் குழுக்களிடம் உள்ளன. அவர்கள் தளத்திலேயே தங்கி வேலை செய்பவர்கள். வீட்டுக்குத் திரும்பும் உள்ளூர் இளைஞர் அந்தக் குழுவுக்குள் நுழைவது எளிதல்ல. பிளம்பிங், வயரிங், டைல்ஸ், பெயிண்டிங் ஆகியவற்றில் கட்டடம் முடிந்த பிறகும் வேலை இருக்கும். நெருக்கமாக வீடுகள் உள்ள வடசென்னையில் குழாய் ஒழுகாத வாரமோ மழைக்காலத்தில் சுவிட்ச் பாக்ஸில் ஈரம் இறங்காத தெருவோ கிடையாது. தனியாகத் தொழில் நடத்த விரும்புபவர்களுக்கு இவை ஏற்றவை. கொத்து வேலை எல்லாவற்றிலும் கடினமானது, கற்க நெடுங்காலம் ஆவது. ஆனால் கொத்தனாராகத் தேறியவரே பிறகு மேஸ்திரியாகவும் சிறு ஒப்பந்ததாரராகவும் ஆகிறார்.

முதல் சில மாதங்களில் என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்?

கொத்து வேலையை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறோம். முதலில் அளவும் மட்டமும்: டேப் பிடிப்பது, நூல் கட்டுவது, தூக்குக்குண்டு விட்டுச் சுவர் நேராக எழுகிறதா என்று பார்ப்பது, ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பது, மூலைமட்டம் வைப்பது. பிறகு செங்கலை நனைத்து வைத்தல், கலவை விகிதம், சந்து விடாமல் அடுக்குதல். இவற்றை ஒரு பயிற்சிச் சுவரில் கட்டி, இடித்து, மீண்டும் கட்ட வைக்க வேண்டும். பயிற்சிச் சுவருக்கு இடம் ஒதுக்காத தளத்தில் பயிலுநர் பயிற்சி நடக்கிறது என்று சொன்னால் நம்பாதீர்கள்.

அதன் பிறகு வருவது பூச்சு. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்ககத்தில் சுவர்ப் பூச்சு கையால் தொட்டாலே உதிர்வதைக் குடியிருப்பவர்கள் காட்டிய காட்சிகள் மாநிலம் முழுவதும் பேசப்பட்டன. கட்டடத்தின் தரத்தை ஆராயும் பணி சென்னை ஐ.ஐ.டி.யிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தக் காட்சியைப் பார்த்த ஒவ்வொரு இளைஞரும் முதல் நாளிலேயே "பூச்சு ஏன் உதிரும்?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

சுவரைத் தண்ணீர் விட்டு நனைக்காமல் பூசினால் கலவையிலுள்ள ஈரத்தைச் செங்கல் உறிஞ்சிக்கொள்ளும், சிமெண்ட் இறுகுவதற்குத் தண்ணீர் மிஞ்சாது. காங்கிரீட் பரப்பைக் கொத்திவிடாமல் அதன் மேல் பூசினால் பிடிப்பு இருக்காது. மணலில் தூசி அதிகமாக இருந்தாலும் சலிக்காமல் பயன்படுத்தினாலும் பூச்சு பொடிந்துபோகும். கலந்து வைத்த கலவை இறுகத் தொடங்கிய பிறகு மீண்டும் தண்ணீர் ஊற்றிக் குழைப்பது தளங்களில் அன்றாடம் நடக்கும் தவறு. பார்ப்பதற்குப் புதுக் கலவை போலவே இருக்கும், வலிமை இருக்காது. எல்லாம் சரியாகச் செய்து மறுநாள் முதல் ஏழு நாளாவது தண்ணீர் காட்டாவிட்டால் செய்த வேலை அத்தனையும் வீண். பயிலுநர் முதலில் சுவரில் புள்ளி வைத்துத் தடிமனைக் குறித்துக்கொள்கிறார், கலவையைக் கரண்டியால் வீசி அடிக்கிறார், மட்டக்கட்டையால் இழுத்துச் சமப்படுத்துகிறார், மணியாஸ் கட்டையால் தேய்த்து முடிக்கிறார். வீசும்போது பாதிக் கலவை தரையில் விழும். மணிக்கட்டைத் திருப்பும் விதம் பிடிபட வாரங்கள் ஆகும். அதுவரை கொத்தனார் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், இதுவே பயிற்சியில் செலவு மிகுந்த பகுதி.

நாங்கள் ஒப்பந்ததாரர்கள். உள்ளூர்ப் பையன்கள் நிலைத்து நிற்பதில்லை. பயிற்சி கொடுத்து எங்களுக்கு என்ன பயன்?

ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 30 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் நிறுவனம், மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பயிலுநர்களை எடுப்பது சட்டப்படி கட்டாயம். 2016இல் தொடங்கப்பட்ட தேசியப் பயிலுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் கீழ், குறைந்தபட்ச உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, அதிகபட்சம் மாதம் ரூ.1,500 வரை, மத்திய அரசு ஏற்கிறது.

நிலைத்து நிற்பதில்லை என்ற குறையில் உண்மை உண்டு. ஆனால் அதற்கான காரணம் பெரும்பாலும் தளத்துக்குள்தான் இருக்கிறது. பூச்சு வேலை சதுரடிக் கணக்கில் கொத்தனாருக்கு விடப்படுகிறது. அவர் ஒரு பையனுக்குக் கற்றுக்கொடுக்க நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர் கைக்காசு. அதனால் அவர் பையனைக் கலவை சுமக்க அனுப்பிவிடுகிறார். மூன்றாவது வாரத்தில் பையன், "இதற்கு நான் சித்தாளாகவே போயிருக்கலாம், சம்பளமாவது கூட வரும்" என்று கிளம்பிவிடுகிறான். இருவர் மேலும் குற்றமில்லை. கற்றுக்கொடுக்கும் கொத்தனாருக்கு நாள்கூலியோடு ஒரு படி சேர்த்துக் கொடுத்து, அவர் பொறுப்பில் இரண்டு பயிலுநர்களை மட்டும் விட்டால் நிலைமை மாறும். அந்தப் படிக்கான செலவை ஒப்பந்தப்புள்ளி மதிப்பீட்டிலேயே தனி வரியாகக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் குறைந்த விலை கேட்பவர் அதைத்தான் முதலில் வெட்டுவார்.

என் மீது ஒரு வழக்கு இருக்கிறது. எனக்கு வாய்ப்பு உண்டா?

பயிலுநர் சட்டத்தில் காவல்துறைச் சான்று கேட்கும் விதி இல்லை. சில நிறுவனங்கள் தாமாகக் கேட்கின்றன. வியாசர்பாடி என்ற முகவரியைப் பார்த்ததும் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்பவர்களும் இருக்கிறார்கள், அதை இல்லை என்று சொல்ல முடியாது. 18 வயதுக்கு முன் நடந்த செயலுக்காகச் சிறார் நீதி முறையில் விசாரிக்கப்பட்டிருந்தால், 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி அது பிற்கால வாழ்க்கைக்குத் தகுதிக் குறைவாகக் கருதப்படாது. 16 வயதைத் தாண்டியவர் கொடுங்குற்றத்துக்காக வயது வந்தவராக விசாரிக்கப்பட்ட நேர்வு மட்டும் இதற்கு விலக்கு. நிலுவையில் உள்ள வழக்கும் தண்டனையும் ஒன்றல்ல. வாய்தா நாட்களை முன்கூட்டியே தளப் பொறியாளரிடம் சொல்லி விடுப்பு வாங்குவது, சொல்லாமல் நின்றுவிட்டுப் பெயர் கெடுவதைவிட எவ்வளவோ மேல். மது, போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வருபவர்கள் சாரத்தில் ஏறும் வேலையைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் பேச வேண்டும். 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

பெண்கள் சேரலாமா?

சேரலாம் என்பது சிறிய விடை. வடசென்னையில் கட்டட வேலைக்குப் போகும் பெண்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். கேள்வி அவர்கள் வேலைக்குப் போகலாமா என்பதல்ல. இருபது ஆண்டு கலவை சுமந்த ஒரு பெண்ணின் கையில் ஏன் யாரும் கரண்டியைக் கொடுக்கவில்லை என்பதுதான். ஆண் சித்தாள் கொத்தனாராகிறார், பெண் சித்தாள் சித்தாளாகவே ஓய்வு பெறுகிறார். இதற்கு உடல் வலிமையைக் காரணம் காட்டுவது பொருந்தாது. நாள் முழுதும் சட்டி சுமப்பதைவிடப் பூச்சுக்கும் டைல்ஸுக்கும் குறைந்த வலிமையே தேவை. கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற அரசுத் திட்டத்தின் பெண்கள் குழுக்கள் முழு வீட்டையே கட்டிக் காட்டியிருக்கின்றன. இங்கே முதல் தேவை, தளத்தில் பூட்டுடன் கூடிய கழிப்பறை. இரண்டாவது, ஒரே தளத்தில் ஒரு பெண்ணை மட்டும் சேர்க்காமல் மூன்று நான்கு பேரைச் சேர்ப்பது. இவ்விரண்டும் இல்லாத இடத்தில் "பெண்கள் வருவதில்லை" என்று சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

தளத்தில் அடிபட்டால் யார் பொறுப்பு?

பயிற்சியின்போது நேரும் விபத்துக்கு இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்துடையது என்று பயிலுநர் சட்டத்தின் 16ஆம் பிரிவு கூறுகிறது. தலைக்கவசம், பாதுகாப்புக் காலணி, உயரத்தில் வேலை செய்யும்போது பாதுகாப்பு வார் ஆகியவற்றை நிறுவனமே தர வேண்டும். அதற்குப் பணம் பிடிக்கக் கூடாது. இச்சட்டத்தின் கீழ் அரசு நியமிக்கும் அதிகாரியான பயிலுநர் ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் கூடுதல் நேர வேலையும் வாங்கக் கூடாது. கான்கிரீட் போடும் இரவில் "இன்று மட்டும் நில்லுங்கள்" என்று கேட்பார்கள். களைத்த கைகளோடு நிற்கும் அந்த நேரத்தில்தான் கால் இடறுகிறது.

குடியிருப்பை இடித்ததால் இப்போது வாடகை வீட்டில் இருக்கிறோம். ஆவணத்தில் சிக்கல் வருமா?

முகவரியால் வரும் சிக்கலைவிடப் பெயரால் வரும் சிக்கலே அதிகம். ஆதாரில் தந்தை பெயர் முழுதாகவும் பள்ளி மாற்றுச் சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டுமாகவும் இருந்தால் இணையதளப் பதிவு நின்றுவிடும், வங்கிக் கணக்குக்கு வர வேண்டிய அரசுப் பங்கும் நின்றுவிடும். சேர்வதற்கு ஒரு மாதம் முன்பே ஆதார், பள்ளிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரை ஒன்றாக்கி, வங்கிக் கணக்கை ஆதாருடன் இணைத்துக்கொள்ளுங்கள். நகரின் தென்கோடியில் பெரும்பாக்கம், கண்ணகி நகர் பக்கம் மாற்றப்பட்ட குடும்பங்களின் சிக்கல் வேறு. பழைய தெருவில் நடக்கும் வேலைக்கு அங்கிருந்து தினமும் வந்து போகப் பல மணி நேரம் ஆகும். அவர்களுக்கு அருகிலுள்ள தளத்தில் இடம் கேட்பதே நடைமுறைக்கு ஒத்தது.

பயிற்சி முடிந்ததும் வேலை உறுதியா?

இல்லை. பயிலுநரை வேலைக்கு எடுத்தாக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. "நூறு விழுக்காடு வேலை" என்று பேனர் வைத்து முன்பணம் கேட்கும் மையங்களைத் தவிர்த்துவிடுங்கள். முறையான பயிலுநர் பயிற்சிக்கு இளைஞர் பணம் கட்ட வேண்டியதே இல்லை. சான்றிதழ் கையில் வந்ததும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 18 முதல் 60 வயது வரை பதியலாம். கட்டுமானச் செலவில் 1 விழுக்காடாக வசூலிக்கப்படும் நலவரிதான் அங்கே விபத்து உதவியாகவும் பிள்ளைகளின் கல்வி உதவியாகவும் திரும்பி வருகிறது. வயரிங் கற்றவர்கள் போதிய அனுபவத்துக்குப் பிறகு அரசு நடத்தும் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதலாம். தச்சு, வெல்டிங், பெயிண்டிங், எலக்ட்ரிகல் கற்றவர்கள் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை வெளியிடும் பயிலுநர் அறிவிப்புகளையும் கவனித்து வர வேண்டும். சொந்தமாகத் தொழில் தொடங்கும் பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மானியத்துடன் கடன் உண்டு.

ஒப்பந்தத்தில் எழுதியபடி நடக்கவில்லை என்றால் யாரிடம் போவது?

முதலில் ஒப்பந்தத்தின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். பதிவு எண் இல்லாத தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால் அது பயிலுநர் ஒப்பந்தமே அல்ல. உதவித்தொகை வந்த நாளையும், எந்த வேலை கற்பிக்கப்பட்டது, எந்த நாள் கலவை மட்டும் சுமக்க விடப்பட்டது என்பதையும் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வாருங்கள். தகராறு எழுந்தால் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி முடிவு சொல்ல வேண்டியவர் பயிலுநர் ஆலோசகர். அவரிடம் மனு கொடுக்க மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தை அணுகலாம். அவருடைய முடிவில் நிறைவில்லை என்றால், அது உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அந்த மனுவுடன் நோட்டின் நகலையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் இணைத்துக் கொடுங்கள்.